மேற்குப் பார்த்த மனையும் முழங்கால் வலிக்கிற அம்மாவும்: வீட்டுக்கு பிளான் போடுவதற்கு முன்னால்

"30-க்கு 40, மேற்குப் பார்த்த மனை, ரெண்டு பெட்ரூம். ஒரு பிளான் அனுப்பி விடுங்க சார்." பத்திரம் முடிந்த மறுநாளே இப்படி போன் வரும். அனுப்பலாம்தான். என் லேப்டாப்பில் அந்த அளவுக்கு நாற்பது பிளான் கிடக்கிறது. அதில் ஒன்றை எடுத்துத்தான் பல வருடங்களுக்கு முன் என் அப்பா அம்மாவுக்கு மதுரையில் வீடு கட்டினேன். தென்மேற்கு மூலையில் அவர்கள் படுக்கையறை, தெருவைப் பார்த்து ஆறடி ஜன்னல். எலிவேஷனைப் பார்த்து எல்லாரும் பாராட்டினார்கள். முதல் சித்திரையிலேயே அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். இரவு பத்து மணிக்கு அந்த மேற்குச் சுவரைத் தொட்டால் இறக்கி வைத்த வெந்நீர்ப் பானை மாதிரி இருந்தது. மதியம் முழுக்க வாங்கிய வெயிலை 9 இன்ச் செங்கல் சுவர் இரவில்தான் உள்ளே விடும். படிக்கும்போது பரீட்சையில் எழுதின விஷயம்தான்.

அதன்பிறகு எந்த வேலையிலும் மனையில் உட்காராமலும், வீட்டு ஆட்களோடு பேசாமலும் நான் கோடு போடுவதில்லை. முதல் முறை வீடு கட்டுகிறவர்களுக்கும், முதல் வீட்டு வேலையைக் கையில் எடுத்திருக்கும் இளம் இன்ஜினியர்களுக்கும் நான் செய்கிற வரிசையை இங்கே சொல்கிறேன். உதாரணத்துக்கு ஒரே மனையை எடுத்துக்கொள்வோம்: மதுரைக்கு வெளியே, 30-க்கு 40, மேற்கில் ரோடு, மற்ற மூன்று பக்கமும் பக்கத்து மனைகள். குடிவரப் போவது கணவன், மனைவி, ஒரு பையன், கணவனின் அம்மா. அவருக்கு முழங்கால் வலி; நான் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் வேலை: மனையில் போய் உட்காருவது

பிளாஸ்டிக் சேர் ஒன்றை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மாலை நான்கு மணிக்கு ஒரு தடவை போங்கள். கையில் புலப்பட நகலும் (மனையின் சர்வே வரைபடம்) டேப்பும் இருக்கட்டும். நான்கு பக்கத்தையும் அளந்து பாருங்கள். பத்திரத்தில் 30 என்று இருக்கும், கல்லுக்குக் கல் பிடித்தால் 29 அடி 7 இன்ச் வரும். அந்த 5 இன்ச்சில் ஒரு சுவரே போய்விடும். திசையை போனில் பார்க்கலாம். ஆனால் கம்பிக் கட்டு, இரும்பு கேட் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், முள் ஏமாற்றும். இரண்டு மூன்று இடத்தில் நின்று ஒத்துப் பாருங்கள். லேஅவுட்டுக்காரர் மேற்கு என்று சொன்னது இருபது டிகிரி வடமேற்காக இருந்து பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வெயில். நம் ஊரில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் அது நண்பகலில் தலைக்கு நேர் மேலே வரும். இடைப்பட்ட மாதங்களில், அதாவது சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை, மதிய வெயில் வடக்குப் பக்கம் இருக்கும். மே மாதத்தில் வடக்குச் சுவர் சுடுகிறதே என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. சூரியன் மறையும் இடமும் நேர் மேற்கில் நிற்காது. ஜூனில் சுமார் 24 டிகிரி வடக்கே போகும், டிசம்பரில் அதே அளவு தெற்கே வரும்.

இதை சன்ஷேடுக்குக் கணக்காக மாற்றினால்தான் பயன். டிசம்பர் மதியத்தில் மதுரையில் சூரியன் தரையிலிருந்து ஏறத்தாழ 57 டிகிரி உயரத்தில், தெற்கே நிற்கும். 2 அடி சன்ஷேட் போட்டால் தெற்கு ஜன்னலில் 3 அடிக்கு நிழல் விழும். ஜூன் மதியத்தில் சூரியன் வடக்கே இருந்தாலும் 76 டிகிரி உயரத்தில் இருக்கிறது, அதே 2 அடி 8 அடிக்கு நிழல் தரும். மேற்கில் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். மாலை நான்கு மணி வாக்கில் வெயில் 30 டிகிரியில் சரிந்து வரும்போது அந்த 2 அடி சன்ஷேட் ஓரடிக்குச் சற்று மேல்தான் நிழல் கொடுக்கும். மீதி ஜன்னல் முழுக்க வெயில் உள்ளே வரும். மேற்கு வெயிலுக்கு மேலே தொப்பி வைத்துப் பயனில்லை, எதிரே ஏதாவது நிற்க வேண்டும்: மரம், ஜாளி (துளை விட்ட தடுப்புச் சுவர்), தாழ்வாரம், மாடிப்படி, எதுவானாலும் சரி.

காற்றுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். பக்கத்து மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள், அங்கே ஐந்து வருடமாக இருக்கிறவரிடம் கேளுங்கள். சென்னையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். கோயம்புத்தூரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும். நம் மனையிலும் ஆடிக் காற்று ரோட்டுப் பக்கத்திலிருந்து, மேற்கிலிருந்துதான் வருகிறது. அதாவது வேண்டாத வெயிலும் வேண்டிய காற்றும் ஒரே வாசலில் வருகின்றன. இந்த முடிச்சை அப்படியே வைத்திருங்கள், பிறகு அவிழ்ப்போம்.

தண்ணீரும் மண்ணும்

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் முக்கு டீக்கடையில் கேளுங்கள்: "போன மழைக்கு இங்க எம்புட்டு தண்ணி நின்னுச்சு?" பக்கத்துச் சுற்றுச்சுவரில் பழைய சேற்றுக்கோடு இருந்தால் அதையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ரோடு போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலேயே தார் ஊற்றிவிட்டுப் போவதும் உண்டு. இப்போது ஓரடி மேலே இருக்கிற வாசல் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பள்ளத்தில் இருக்கும். அதனால் இந்த மனைக்கு பேஸ்மென்ட் உயரம், அதாவது வீட்டுத் தரை நிற்கும் உயரம், ரோட்டு மட்டத்துக்கு மேல் இரண்டரை அடி என்று முடிவு செய்தோம்.

மண்ணுக்கு ஆறடிக் குழி ஒன்று தோண்டிப் பாருங்கள். திருமங்கலம், விருதுநகர், கோவில்பட்டிப் பக்கம் கரிசல். மழையில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். அதில் சாதாரணக் கடைக்கால் போட்டால் சுவர் மூலைக்கு மூலை சாய்வாகக் கீறும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே அண்டர்ரீம்டு பைல் முறையை உருவாக்கியது. அடிப்பக்கம் குமிழ் மாதிரி விரிந்த பைலை, ஈரம் ஏறி இறங்காத ஆழத்தில் ஊன்றி, மேலே பிளிந்த் பீமில் (தரைமட்டத்தில் ஓடும் கான்கிரீட் உத்தரம்) சுவரை உட்கார வைப்பது. கரிசல் என்று சந்தேகம் இருந்தாலே மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். வீட்டுச் செலவில் அது ஒரு கதவின் விலைகூட வராது.

போர்வெல் எங்கே, செப்டிக் டேங்க் எங்கே என்பதையும் இப்போதே குறிக்க வேண்டும். குடிநீர் எடுக்கும் இடத்துக்கும் கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் 50 அடியாவது இருக்கட்டும் என்பது பொதுவான அறிவுரை. 30-க்கு 40 மனையின் மூலைவிட்டமே சரியாக 50 அடிதான். எதிரெதிர் மூலையில் போட்டாலும் மட்டுமட்டு. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தன் செப்டிக் டேங்கை உங்கள் போருக்கு நாலடியில் தோண்டியிருப்பார். முதலில் அவர்களுடையது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, பிறகு உங்களுடையதைக் குறியுங்கள். டேங்க் சுத்தம் செய்ய வரும் லாரியின் குழாய் எட்டுகிற இடமாகவும் இருக்க வேண்டும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயம். கணக்கு எளிது: 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். அதை சம்ப்பில் விடுவதா, குழியில் இறக்குவதா என்பதைப் பைப் போடுவதற்கு முன் முடிவு செய்யுங்கள். அனுமதிக்காக மட்டும் தோண்டி மூடிய குழியில் ஒரு சொட்டும் இறங்காது.

ஆட்களைக் கேட்பது

"என்னென்ன ரூம் வேணும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் டிவி சீரியலில் பார்த்த வீட்டைச் சொல்வார்கள். "நேத்து காலைல எந்திரிச்சதிலிருந்து என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். முடிந்தால் அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டில் ஒரு முழுக் காலைப் பொழுது உட்கார்ந்து பாருங்கள்.

நான் பார்த்தது இது. காலை ஆறரைக்கு அடுப்படியில் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள், ஒருவர் திரும்பினால் மற்றவர் ஒதுங்க வேண்டியிருக்கிறது. கிரைண்டர் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது, வாரம் இரண்டு முறை இழுத்து எடுக்கிறார்கள். பையன் படிக்க மேசை இருந்தும் அம்மா கண்ணில் படும் ஹால் தரையில்தான் உட்காருகிறான். ஈரத் துணியை மாடிக்குத் தூக்க முடியாமல் பெரியம்மா ஜன்னல் கம்பியில் காயப் போடுகிறார்.

சமையல் மேடையை மேஸ்திரிகள் பழக்கத்தில் 33 இன்ச் வைத்துவிடுவார்கள். மருமகளை ஒரு மேசை முன் நிற்கவைத்து வெங்காயம் நறுக்கச் சொன்னேன். முழங்கை தரையிலிருந்து 36 இன்ச்சில் இருந்தது. அதற்கு ஐந்து இன்ச் குறைவாக, 31-ல் மேடை. அதுவும் தளம், டைல்ஸ், கிரானைட் எல்லாம் போட்டு முடித்த பிறகு வரும் அளவு. அடுப்பு அதற்கு மேலே ஓர் அரையடி ஏறும், குக்கர் அதற்கும் மேலே. மேடை உயரமாக இருந்தால் கிளறுகிறவர் தினமும் தோளைத் தூக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

பெரியம்மாவிடம், "காலைல எந்திரிச்சதும் மொதல்ல எங்கம்மா போவீங்க?" என்றேன்.

"பின்வாசலுக்குத்தான். கதவத் தொறந்து வானத்தப் பாத்தாத்தான்யா பொழுது விடிஞ்ச மாதிரி இருக்கும்."

நோட்டில் அதை எழுதி அடியில் கோடு போட்டேன். சதுர அடிக் கணக்கில் வராத தேவை, ஆனால் அந்த வீட்டின் பாதி பிளான் அந்த வரியிலிருந்துதான் வந்தது.

இரண்டும் மோதும் இடம்

மனை கேட்பது இரண்டரை அடி உயரம். பெரியம்மாவின் முழங்கால் கேட்பது படியே இல்லாத வாசல். சக்கர நாற்காலிக்கு ஏற்ற சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டரை அடிக்கு 30 அடி. மொத்த மனையின் நீளமே 40. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இங்கே இரண்டில் ஒன்றை விட்டுவிடுவார்கள். ஒன்று பேஸ்மென்டைத் தாழ்த்தி மழையில் மாட்டுவார்கள், இல்லாவிட்டால் ஏழரை இன்ச்சில் நான்கு படி வைத்துவிட்டு, "மெதுவா ஏறிக்கலாம்மா" என்பார்கள்.

நாங்கள் செய்தது: 30 இன்ச் உயரத்தை 5 இன்ச் வீதம் ஆறாகப் பிரித்தோம். மிதிக்கும் அகலம் 14 இன்ச், பாதம் முழுதாக ஊன்றலாம். மூன்று படி ஏறியதும் ஒரு திண்ணை. அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கலாம், காய்கறிக்காரரைக் கூப்பிடலாம், செருப்பைக் கழற்றலாம். பிறகு இன்னும் மூன்று. இரண்டு பக்கமும் கைப்பிடி. வலி ஒரு காலில் இருந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே கைதான் பிடி தேடும், ஆனால் திரும்பி இறங்கும்போது கைப்பிடி மறுபக்கம் போய்விடும், ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பயனில்லை. நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தால் என்ன செய்வது? வடக்குப் பக்கச் சந்தில் சாய்தளத்துக்கு இடம் விட்டிருக்கிறது. அங்கே மோட்டாரோ சிலிண்டரோ வராது என்று கணவரிடம் எழுதியே வாங்கிக்கொண்டேன்.

உள்ளே அவர் அறைக்கும் பாத்ரூமுக்கும் 3 அடிக் கதவு. பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது.

இப்போது அறைகளை உட்கார வைக்கலாம்

மேற்குப் பார்த்த மனை என்றதும் பயப்பட வேண்டாம். மேற்கில் இருப்பது 30 அடி மட்டும், அதிலும் இரு பக்கமும் இடம் விட்டது போகச் சுவர் 24 அடி. நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும். பக்கத்து வீடுகள் மாடியோடு எழும்பினால் அவற்றின் நிழல் நமக்கு இலவசம். ஆனால் அதே வீடுகள் பக்கவாட்டுக் காற்றையும் அடைத்துவிடும். ஆக, காற்று ரோட்டுப் பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேற வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து வளவு (நடுமுற்றம்) தாண்டிப் பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு அந்த நீளம் இல்லை, கோடு மட்டும் போதும்.

அதனால் மேற்கில் மனிதர் வெகுநேரம் தங்காதவற்றை வரிசையாக நிறுத்தினோம்: மாடிப்படி, திண்ணை, வண்டி நிறுத்தும் இடம். திண்ணைக்கு முன்னால் தரையிலிருந்து ஏழடிக்குச் சுட்டமண் ஜாளி. இதுதான் முன்னே சொன்ன முடிச்சுக்கு விடை. சரிந்து வரும் வெயில் ஜாளியில் தங்கிவிடும், காற்று துளை வழியாக வந்து நிழலைத் தாண்டி ஹாலுக்குள் போகும். ஜாளிக்கு ஒரு குறை உண்டு. தூசி சேரும், பல்லி குடியிருக்கும், மாதம் ஒருமுறை குழாய் பிடித்துக் கழுவ வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் வருடம் உள்ளே பாலிகார்பனேட் ஷீட் அடித்து அடைத்துவிடுவார்கள்.

பெரியம்மாவின் அறை கிழக்கே, பின்வாசலை ஒட்டி. அடுப்படி தென்கிழக்கில், இரண்டு பேர் முதுகு இடிக்காமல் நிற்கும்படி மேடைக்கு எதிரே நாலடி இடம். பின்பக்கம் தரைமட்டத்தில் துணி காயக் கொடி கட்ட இடம். மாடிப்படிக்கு மேலே நாலுக்கு ஆறடி திறப்பு. சூடான காற்று மேலே ஏறி அங்கே வெளியேறும். அதற்கு ஓரங்களில் மழை புகாத லூவர் (சாய்த்து அடுக்கிய தகடுகள்) வைக்க வேண்டும், கண்ணாடி போட்டு மூடினால் அது அடுப்பாகிவிடும்.

வாஸ்துவைப் பற்றிக் கேட்பீர்கள். சண்டை போடுவதில்லை. அக்னி மூலையில் (தென்கிழக்கு) அடுப்படி இந்த மனைக்குத் தானாகவே பொருந்தியது. கன்னி மூலையில் (தென்மேற்கு) பெரிய படுக்கையறை என்பதுதான் சங்கடம், மாலை வெயில் முழுதும் வாங்கும் மூலை அது. கணவர் வீட்டார் விடவில்லை. சரி என்று அந்த அறையின் மேற்குச் சுவர் முழுக்க அலமாரி வைத்தோம், ஜன்னலைத் தெற்குக்கு மாற்றினோம், வெளியே ஒரு வேம்பு வைத்தோம். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு இன்ச் தள்ளி நிறுத்துங்கள், சூடும் ஈரமும் துணியில் ஏறாது.

இதற்கெல்லாம் சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் பார்த்து, உள்ளாட்சி அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அனுமதி ஒரே நாளில் கிடைப்பதால் பிளானையும் ஒரே நாளில் போடச் சொல்கிறார்கள்.

கூரையும் சுவரும்

நம் ஊரில் வெயிலை அதிகம் வாங்குவது சுவர் இல்லை, மொட்டைமாடி. பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டப்படுவது மொட்டைமாடிக்கு மேல்தளம் போடுகிற வேலைதான், அதை விடாதீர்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூன்று நான்கு இன்ச் அடித்து, மேலே தட்டோடு பதிப்பது பழைய முறை, இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. கையில் காசில்லை என்றால் வெள்ளை நிறக் கூலிங் பெயின்டாவது அடியுங்கள், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும்.

சுவருக்கு, கேரளத்தில் லாரி பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு நல்ல வழி. செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டு எழுப்புவது. ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம், நடுவில் இருக்கும் காற்று சூட்டையும் தடுக்கும். ஆனால் எலக்ட்ரீஷியன் பிறகு வந்து சுவரை வெட்டிப் பைப் புதைக்க முடியாது, ஸ்விட்ச் எங்கே என்று முதலிலேயே முடிவாக வேண்டும். தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் மேற்குச் சுவருக்கு மட்டும் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

கடைசி வேலை: சுண்ணாம்புக் கோடு

வானம் (கடைக்கால் பள்ளம்) தோண்ட ஜேசிபி வருவதற்கு இரண்டு நாள் முன்பே மனையில் சுண்ணாம்பால் முழு பிளானையும் வரையச் சொல்லுங்கள். சுவரின் கனம், கதவு திறக்கும் பக்கம், கட்டில், அடுப்பு எல்லாமே கோட்டில் இருக்கட்டும். வெறுந்தரையில் எல்லா அறையும் சின்னதாகத் தெரியும், பயந்துபோய் பெரிதாக்கச் சொல்வார்கள். அதற்கு மசியாதீர்கள், நிஜக் கட்டிலையே கொண்டுவந்து போட்டுக் காட்டுங்கள்.

பிறகு வீட்டு ஆட்களை உள்ளே நடக்க விட்டுவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள். மருமகள் அடுப்பிலிருந்து சிங்க்குக்கு நடந்து பார்த்து, ஃபிரிட்ஜை இந்தப் பக்கம் மாற்றச் சொன்னார். பையன் எல்லாச் சுவரையும் தாண்டித் தாண்டி ஓடினான். பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து எழுந்து, பாத்ரூமுக்கு நடந்து போய், ஒன்பது எட்டு வைத்ததாக எண்ணிச் சொன்னார். அங்கிருந்து பின்வாசல் கோட்டில் போய் நின்றவர், கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"இங்கன நின்னா பின்வீட்டுச் சுவருதான்யா தெரியுது."

போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். பின்வீட்டு மாடிப்படி அறை சரியாக எதிரே எழும்பி நின்றது. பிளானில் எனக்கு அது தெரியவே இல்லை. மூன்றடி வடக்கே தள்ளி நின்றால் இரண்டு வீடுகளுக்கு நடுவே இடைவெளி, அதில் ஒரு துண்டு வானம். கதவை அங்கே மாற்றினால் அவர் அலமாரி உள்சுவருக்குப் போக வேண்டும். போகட்டும் என்றார். மேஸ்திரி பழைய கோட்டைக் காலால் அழித்துவிட்டு, சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார்.